கன்டெய்னர் ரயிலைப் பார்த்து யார்டைப் படிப்பது எப்படி?

கன்டெய்னர் ரயில் ஒன்று கடந்து போகும்போது, ரயில் பார்ப்பதில் புதிதாக ஆர்வம் கொண்டவரின் கண் பெரும்பாலும் இன்ஜினோடு நின்றுவிடுகிறது. இன்ஜினின் வகையையும் எண்ணையும் குறித்துக்கொண்ட பிறகு, பின்னால் இரண்டு மைல் நீளத்துக்கு வரும் பெட்டிகள் அவருக்கு ஒரே மாதிரியான வரிசையாகத்தான் தெரிகின்றன. உண்மையில் அந்த வரிசையில் எந்தப் பெட்டி கீழே இருக்கிறது, எது மேலே ஏறியிருக்கிறது, எந்த வேகன் காலியாகப் போகிறது என்பதெல்லாம் ஏதோ ஒரு யார்டில் சில மணி நேரத்துக்கு முன்போ, ஓரிரு நாள்களுக்கு முன்போ எடுக்கப்பட்ட முடிவுகள். யார்டு என்பது ரயில் நிறுவனத்தின் சொந்த இடம். வெளியாள் உள்ளே போக முடியாது. ஆனால் அங்கே நடந்த வேலையின் விளைவு முழுவதும் பொதுச் சாலையோரம் நிற்பவரின் கண்முன்னே ஓடிப் போகிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த ஆர்வத்தின் உண்மையான சுவை என்பது என் கருத்து. அமெரிக்காவின் பி.என்.எஸ்.எஃப். ரயில் நிறுவனம் சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே நடத்தும் போக்குவரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதற்குத் தேவையான அடிப்படைகளை இங்கே விளக்குகிறேன்.

இன்டர்மோடல் போக்குவரத்தின் அடிப்படை எளிமையானது. சரக்கை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், அது போய்ச் சேரும் இடம் வரைக்கும் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை. கப்பல், ரயில், லாரி என்று வண்டிதான் மாறுகிறது. வண்டி மாறும் அந்த இடமே இன்டர்மோடல் யார்டு. சாதாரணச் சரக்கு யார்டில் வேகன்களைப் பிரித்து, தடம் வாரியாக அடுக்கிப் புதிய ரயில்களை உருவாக்குவார்கள். இங்கே வேகன்களைப் பிரிக்கும் வேலை குறைவு. அவற்றின் மேலிருக்கும் பெட்டிகளை இறக்குவதும் ஏற்றுவதும்தான் முதன்மையான வேலை. ஆகவே யார்டின் பரபரப்பை வேகன்களின் எண்ணிக்கையால் அளப்பதில்லை. கிரேன் எத்தனை முறை பெட்டியைத் தூக்கியது என்ற கணக்கால் அளக்கிறார்கள்.

இதன் வரலாற்றில் தொடக்கநிலை வாசகர் நான்கு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி நிறுவன முதலாளி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 கன்டெய்னர்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியது இக்காலக் கன்டெய்னர் போக்குவரத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1977-இல் சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனம், ஒரு கன்டெய்னரின் மேல் இன்னொன்றை வைத்துச் செல்லக்கூடிய வேகனை உருவாக்கிச் சோதித்தது. 1984-இல் அமெரிக்கன் பிரசிடென்ட் லைன்ஸ் என்ற கப்பல் நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிகாகோவுக்கு இரட்டை அடுக்கு ரயில்களைக் கால அட்டவணைப்படி ஓடவைத்தது. 1989-இல், பின்னாளில் பி.என்.எஸ்.எஃப். ஆக இணைந்த நிறுவனங்களில் ஒன்றான சான்டா ஃபே ரயில் நிறுவனமும் ஜே.பி. ஹன்ட் என்ற பெரிய லாரி நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதுவரை ரயிலுக்குப் போட்டியாக இருந்த லாரித்துறை அதன் வாடிக்கையாளராக மாறத் தொடங்கியதற்கு அந்த ஒப்பந்தம் பெரிய காரணம். இன்று அந்தத் தடத்தில் ஓடும் ரயில்களில் ஜே.பி. ஹன்டின் 53 அடி வெள்ளைப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் வருவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரட்டை அடுக்கு வேகனின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் யார்டின் வேலையைப் புரிந்துகொள்ள முடியாது. சாதாரணத் தட்டை வேகனில் தளம் சக்கரங்களுக்கு மேலே இருக்கும். இரட்டை அடுக்கு வேகனிலோ இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. கீழ்ப்பெட்டி தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ ஓரடி உயரத்தில் அந்தப் பள்ளத்துக்குள் அமர்கிறது. அதனால்தான் 9 அடி 6 அங்குல உயரமுள்ள இரண்டு பெட்டிகளை அடுக்கினாலும் மொத்த உயரம் சுமார் 20 அடி 2 அங்குலத்துக்குள் அடங்குகிறது. அந்த உயரத்துக்கும் இடம் தராத சுரங்கப்பாதைகள் கிழக்கு அமெரிக்காவில் ஏராளம். நார்ஃபோக் சதர்ன் நிறுவனம் 2010-இல் திறந்த 'ஹார்ட்லேண்ட் காரிடார்' தடத்துக்காக 28 சுரங்கப்பாதைகளின் உயரத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. வேகன்கள் தனியாகவும் இருக்கும். மூன்றோ ஐந்தோ அலகுகள் சேர்ந்தும் இருக்கும். ஐந்து அலகு வேகனில் அடுத்தடுத்த அலகுகள் சக்கரத் தொகுதியைப் பகிர்ந்துகொள்வதால் மொத்தம் ஆறு தொகுதிகளே போதும். அந்த அலகுகளின் பக்கவாட்டில் ஏ முதல் ஈ வரை எழுத்துகள் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: ஒரு முனையில் பி, மறுமுனையில் ஏ, நடுவில் சி, டி, ஈ என்ற வரிசை. கிரேன் ஓட்டுநருக்கு 'இந்த வேகனின் டி அலகில் இந்தப் பெட்டி' என்று சொல்வதற்கு அந்த எழுத்துகளே முகவரி.

இந்திய வாசகர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் எழும். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ரயில்களில் ஒரே அடுக்குதானே இருக்கிறது? மேலே மின்கம்பி செல்லும் வழக்கமான தடங்களில் இரண்டாவது அடுக்குக்கு உயரம் போதாது. அதனால் 45 வேகன் கொண்ட ரயில், வேகனுக்கு இரண்டு 20 அடிப் பெட்டிகள் என்ற கணக்கில் 90 பெட்டிகளோடு நின்றுவிடுகிறது. மேற்குச் சரக்கு ரயில் தடத்திலோ வண்டியின் உயரத்துக்கு 7.1 மீட்டர் வரை இடம் விட்டு, மின்கம்பியை அதற்கும் மேலே கட்டினார்கள். 2021 ஜனவரி 7 அன்று நியூ அட்டேலியிலிருந்து நியூ கிஷன்கர் வரை 1.5 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டை அடுக்கு ரயில் மின்சார இன்ஜினால் இழுக்கப்பட்டது. அங்கே பள்ள வேகன் இல்லை; தட்டை வேகனின் மேலேயே இரண்டு அடுக்கு. அமெரிக்க ரயிலையும் இந்திய ரயிலையும் படத்தில் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடுதான் முதலில் கண்ணில் பட வேண்டும்.

இனி சிகாகோவுக்கு வருவோம். அமெரிக்காவின் சரக்கு ரயில் போக்குவரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த நகரப் பகுதியைத் தொட்டுச் செல்கிறது. மேற்கே போகும் பெரிய நிறுவனங்களும் கிழக்கே போகும் பெரிய நிறுவனங்களும் சந்திக்கும் இடம் இது. பி.என்.எஸ்.எஃப். நிறுவனத்துக்கு மட்டும் இங்கே நான்கு இன்டர்மோடல் யார்டுகள் உண்டு. கார்வித், சிசெரோ இரண்டும் பழைய நிறுவனங்களிடமிருந்து வந்தவை. நகர நெரிசலுக்குள் இருப்பதால் விரிவாக்க இடமில்லாதவை. வில்லோ ஸ்பிரிங்ஸ் யார்டின் அருகிலேயே யூ.பி.எஸ். நிறுவனத்தின் மாபெரும் பார்சல் பிரிப்பு மையம் இருக்கிறது. ஆகவே மிகவும் அவசரமான சரக்கு அங்கேதான் ஏறுகிறது. 2002-இல் திறக்கப்பட்ட லாஜிஸ்டிக்ஸ் பார்க் சிகாகோ, நகரிலிருந்து தள்ளி எல்வுட் என்ற ஊரில், ஒரு காலத்தில் ராணுவ வெடிமருந்து ஆலை இருந்த நிலத்தில் அமைந்திருக்கிறது. பழைய யார்டுகள் நகரத்தின் வரலாற்றுக்கு நெருக்கமானவை என்றாலும், இன்டர்மோடல் வேலைக்கு எவ்வளவு நிலம் தேவை என்பதை உணர எல்வுட்தான் சரியான எடுத்துக்காட்டு. தடத்தின் மறுமுனையில் லாஸ் ஏஞ்சலஸ் ஹோபார்ட் யார்டு இருக்கிறது. துறைமுகங்களையும் நகரின் ரயில் யார்டுகளையும் இணைக்கும் 20 மைல் நீள அலமேடா காரிடாரும் 2002-இல்தான் திறக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ பாதித் தூரம் சாலைகளுக்குக் கீழே வெட்டப்பட்ட பள்ளத்தில் செல்கிறது.

ஒரு பெட்டி யார்டுக்குள் போனதும் என்ன நடக்கிறது? லாரி ஓட்டுநர் வாயிலை நெருங்கும்போது கேமராக்கள் பொருத்திய ஒரு வளைவின் கீழே செல்கிறார். பெட்டியின் எண், அதைத் தாங்கும் சக்கரச் சட்டமான சேஸிஸின் எண், பெட்டியில் இருக்கும் அடிபாடுகள் எல்லாம் படமெடுக்கப்படுகின்றன. பிறகு சேதம் ஏற்பட்டதாகத் தகராறு வந்தால் அந்தப் படமே சாட்சி. ஓட்டுநருக்கு ஒரு நிறுத்துமிட எண் கொடுக்கப்படுகிறது. அவர் பெட்டியைச் சேஸிஸோடு அங்கே விட்டுவிட்டு, திரும்பும்போது வேறொரு பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு அன்று நல்ல வருமானம். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு கடைசி நேரம் உண்டு. அதற்குள் வாயிலைத் தாண்டாத பெட்டி அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பெட்டியைச் சேஸிஸின் மேலேயே நிறுத்துவதா, இறக்கித் தரையில் அடுக்குவதா என்பது யார்டின் தன்மையையே மாற்றிவிடும் முடிவு. சக்கரத்தின் மேல் நிறுத்தினால் எந்தப் பெட்டியையும் உடனே இழுத்துச் செல்லலாம், ஆனால் நிலம் ஏராளமாக வேண்டும். சேஸிஸ்களும் ஏராளமாக வேண்டும். தரையில் அடுக்கினால் நிலம் மிச்சம், ஆனால் அடியிலிருக்கும் பெட்டியை எடுக்க மேலே இருப்பவற்றை நகர்த்த வேண்டும். தேவையற்ற ஒவ்வொரு தூக்கலும் நேரம், டீசல், ஆள்கூலி ஆகிய மூன்றையும் தின்கிறது.

வந்து சேரும் ரயில், கிரேன்களின் கீழே இருக்கும் ஏற்றுதடத்தைவிடப் பெரும்பாலும் நீளமானது. ஆகவே அதைத் துண்டுகளாக வெட்டி, அருகருகே இருக்கும் தடங்களில் நிறுத்துகிறார்கள். இன்ஜின் விலகியதும் தடத்தின் முனைகளில் நீலக் கொடி வைக்கப்படுகிறது. இரவில் நீல விளக்கு. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி நீல அடையாளம் இருக்கும் வேகன்களை யாரும் அசைக்கக் கூடாது, அவற்றோடு வேறு வண்டியை இணைக்கவும் கூடாது. அந்த அடையாளத்தை வைத்த தொழிலாளர் பிரிவைச் சேர்ந்தவர்களே அதை அகற்றவும் வேண்டும். வேகன்களுக்கு இடையே ஆள்கள் வேலை செய்கிறார்கள் என்பதன் அறிவிப்பு அது. உயிரைக் காக்கும் இந்த எளிய ஏற்பாட்டை யார்டு வேலையின் மிக முக்கியமான விதியாக நான் மதிக்கிறேன்.

பிறகு கிரேன் வருகிறது. பெரிய டயர்களில் நகரும் இந்தக் கிரேன், தண்டவாளத்தையும் பக்கத்து லாரிப் பாதையையும் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நடக்கிறது. 2013-இல் திறக்கப்பட்ட கன்சாஸ் மாநில எட்ஜர்டன் யார்டில் இருப்பதுபோன்ற புதிய அகலக் கிரேன்கள் மின்சாரத்தில் இயங்கி, பல தடங்களை ஒரே நேரத்தில் தாண்டி நிற்கின்றன. கிரேனிலிருந்து தொங்கும் எஃகுச் சட்டம் பெட்டியின் நீளத்துக்கு ஏற்ப நீண்டும் சுருங்கியும் கொள்கிறது. அதன் நான்கு முனைப் பூட்டுகள் பெட்டியின் மேல்மூலைகளில் இருக்கும் துளைகளுக்குள் இறங்கி, திரும்பி, பிடித்துக்கொள்கின்றன. 53 அடிப் பெட்டியில் அந்தத் துளைகள் முனைகளில் இல்லாமல் சற்று உள்ளே தள்ளியிருப்பதைப் பார்க்கலாம். பெட்டி எவ்வளவு நீளமானாலும் அதைத் தாங்கும் தூண்கள் 40 அடி இடைவெளியில் இருக்க வேண்டும் என்பதே அதன் காரணம். அப்போதுதான் வெவ்வேறு நீளமுள்ள பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியும். சக்கரங்களோடு சேர்ந்த லாரிப் பெட்டிகளான டிரெய்லர்களும் ரயிலில் ஏறுவதுண்டு; அவற்றைத் தூக்குவது வேறு முறை: சட்டத்தின் பக்கங்களிலிருந்து நான்கு கைகள் இறங்கி, டிரெய்லரின் அடிவிளிம்பைப் பற்றிக்கொள்கின்றன.

மேல்பெட்டி போனதும் தரைப்பணியாளர் ஒருவர் கீழ்ப்பெட்டியின் நான்கு மூலைகளிலும் இருக்கும் இணைப்புப் பூட்டுகளைக் கழற்றுகிறார். கையில் பிடிக்கக்கூடிய அளவுள்ள இந்த எஃகுப் பூட்டுகள்தான், மணிக்கு 70 மைல் வேகத்தில் ஓடும் ரயிலில் மேல்பெட்டியைக் கீழ்ப்பெட்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கின்றன. இதற்கிடையே குட்டையான யார்டு டிராக்டர்கள், இறங்கும் பெட்டியை வாங்கிக்கொள்ளக் காலிச் சேஸிஸ்களோடு வரிசையில் நிற்கின்றன. ஏற்ற வேண்டிய பெட்டிகளைக் கொண்டுவருவதும் அவைதான். நன்றாக நடத்தப்படும் யார்டில் டிராக்டர் வெறுமையாக ஓடுவது அரிது. கிரேன் ஓட்டுநரின் திறமையைப் பாராட்டுபவர்கள் பலர். டிராக்டர்களின் வருகையைச் சீராக வைத்திருப்பவரின் திறமைதான் அதைவிடப் பெரிது என்று தோன்றுகிறது, ஏனெனில் கிரேனின் கீழே பெட்டி இல்லையென்றால் எவ்வளவு திறமையான ஓட்டுநரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

எந்தப் பெட்டி எங்கே ஏற வேண்டும் என்ற திட்டம் இந்த வேலைக்கெல்லாம் முன்பே தயாராகிவிடுகிறது. கனமான பெட்டி கீழே, இலகுவானது மேலே என்பது முதல் விதி. இரண்டு 20 அடிப் பெட்டிகளைக் கீழே வைத்து அவற்றின் மேல் ஒரு 40 அடிப் பெட்டியை வைக்கலாம். அதைத் தலைகீழாக மாற்ற முடியாது, ஏனெனில் 40 அடிப் பெட்டியின் நடுவே தூண் இல்லை. 40 அடிப் பள்ளத்தில் 53 அடிப் பெட்டி இறங்காது. ஆனால் 40 அடிப் பெட்டியின் மேலே 53 அடிப் பெட்டியை ஏற்றலாம். அப்போது அது இரு பக்கமும் துருத்திக்கொண்டிருப்பதால், அடுத்த அலகின் மேல்பெட்டியோடு இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஊருக்குப் போகும் பெட்டிகள் ஒரே தொகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். வழியில் அந்தத் தொகுப்பை மொத்தமாகக் கழற்றிவிட அதுவே வசதி. எல்லாம் ஏறி முடிந்து, நீலக் கொடி அகற்றப்பட்டு, துண்டுகள் ஒன்றாக இணைக்கப்பட்டு, ஒவ்வொரு வேகனிலும் பிரேக் பிடிக்கிறதா, விடுகிறதா என்று சோதித்த பிறகே ரயில் வெளியே வருகிறது.

இப்போது சாலையோரம் நிற்பவர் என்னவெல்லாம் படிக்கலாம்? முதலில் ரயிலின் குறியீடு. பி.என்.எஸ்.எஃப். ரயில்களின் பெயரில் முதல் எழுத்து அதன் வகையைச் சொல்கிறது: இசட் என்றால் மிக அவசரமான இன்டர்மோடல் ரயில், எஸ் என்றால் பெரும்பாலும் கப்பல் கன்டெய்னர்களைச் சுமக்கும் இரட்டை அடுக்கு ரயில். அடுத்த மூன்றெழுத்து புறப்படும் யார்டு, அதற்கடுத்த மூன்றெழுத்து சேரும் யார்டு. டபிள்யூ.எஸ்.பி. என்பது வில்லோ ஸ்பிரிங்ஸ், எல்.பி.சி. என்பது லாஜிஸ்டிக்ஸ் பார்க் சிகாகோ, எல்.ஏ.சி. என்பது லாஸ் ஏஞ்சலஸ். குறியீடு தெரியாவிட்டாலும் பெட்டிகளே சொல்லிவிடும்: பார்சல் நிறுவனங்களின் டிரெய்லர்கள் நிறைய இருந்தால் அது அவசர ரயில், மெர்ஸ்க், எவர்கிரீன், ஓ.என்.இ. என்று கப்பல் நிறுவனங்களின் 40 அடிப் பெட்டிகளாகவே இருந்தால் அது துறைமுகத்தோடு தொடர்புடையது. மஞ்சள் நிற வேகன்களில் டி.டி.டி.எக்ஸ். என்று தொடங்கும் எண்கள் அதிகம் தென்படும். ரயில் நிறுவனங்கள் கூட்டாகச் சொந்தமாக வைத்திருக்கும் டி.டி.எக்ஸ். நிறுவனத்தின் வேகன்கள் அவை.

கப்பல் கன்டெய்னரின் எண்ணையும் நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கின்றன. நான்காவது எழுத்து யு என்றால் அது சரக்குக் கன்டெய்னர். பிறகு ஆறு இலக்கங்கள், கடைசியில் கட்டத்துக்குள் தனியாக ஒரு சோதனை இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் முந்தையவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. சி.எஸ்.க்யூ.யு. 305438 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்கு ஏ-வுக்கு 10 என்று தொடங்கி, 11-இன் மடங்குகளைத் தவிர்த்து மதிப்பு கொடுத்தால் சி 13, எஸ் 30, க்யூ 28, யு 32. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றையும் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6185 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே சோதனை இலக்கம் 3. வாயில் கேமரா ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்திருந்தால் இந்தக் கணக்கு இடிக்கும், தவறான பெட்டி தவறான ஊருக்குப் போவது தடுக்கப்படும். ஓடும் ரயிலின் புகைப்படத்தில் மங்கிப்போன ஓர் இலக்கத்தை இதே முறையால் நீங்களும் கண்டுபிடிக்கலாம்.

எங்கே நின்று பார்ப்பது என்ற கேள்விக்கு, சிகாகோவுக்கு மேற்கே ரொஷெல் என்ற ஊரின் ரயில்வே பூங்காவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பி.என்.எஸ்.எஃப். தடமும் யூனியன் பசிபிக் தடமும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தின் அருகில், ரயில் பார்ப்பவர்களுக்காகவே அந்த ஊர் அமைத்த பூங்கா அது. யார்டுகளைப் பொறுத்தவரை பொதுச் சாலைகளும் மேம்பாலங்களும்தான் எல்லை. வேலியைத் தாண்டுவது சட்டத்துக்கு விரோதம் என்பதோடு, சத்தமில்லாமல் பின்னோக்கி நகரும் வேகன்களுக்கும் பின்பக்கம் தெரியாத டிராக்டர்களுக்கும் நடுவே நிற்பது உயிருக்கே ஆபத்து.

யார்டுக்கு வெளியே முக்கியத் தடத்தில் ஒரு கன்டெய்னர் ரயில் மணிக்கணக்கில் நின்றால், இன்ஜின் பழுது என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். உள்ளே ஏற்றுதடங்கள் நிரம்பியிருந்து, முந்தைய ரயில் வெளியேறினால்தான் இதற்கு இடம் என்ற நிலையாக இருக்கலாம். அப்படி நிற்கும் ரயில் புதியவருக்கு நல்ல வாய்ப்பு, ஏனெனில் சக்கரத் தொகுதிகளின் சுருள்வில்களை நிதானமாகப் பார்க்கலாம். கிழக்கே போகும் ரயிலில் ஆசியாவிலிருந்து வந்த இறக்குமதிச் சரக்கின் எடையால் வில்கள் நன்றாக அழுந்தியிருக்கும். மேற்கே போகும் ரயிலில் பல இடங்களில் வில்கள் விரிந்திருக்கும்; துறைமுகத்துக்குத் திரும்பும் காலிப் பெட்டிகள் அவை. அந்த ரயிலிலேயே சில அலகுகளில் மட்டும் வில்கள் அழுந்தியிருந்தால், அந்தப் பெட்டிகளில் இல்லினாய் மாநிலத்துச் சோயா இருக்க வாய்ப்பு அதிகம். எல்வுட்டையும் ஜோலியட்டையும் சுற்றியுள்ள தானிய நிலையங்கள், காலியாகத் திரும்ப வேண்டிய கன்டெய்னர்களை நிரப்பி ஆசியாவுக்கு அனுப்புகின்றன.